1917: மூன்று ஊர்கள், மூன்று சாப்பாடுகள்

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறான். கூடவே அறை நண்பர்கள் இரண்டு பேரையும் அழைத்துப் போகிறான். அன்று ராத்திரி அவன் அம்மா குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா, ஹாஸ்டல்ல என்னத்த திங்கிறீங்க" என்று பரிமாறுகிறார். தங்கை தண்ணீர் கொண்டு வந்து வைக்கிறாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வந்த பையன்களின் ஊர் விவரமெல்லாம் விசாரிக்கிறார். சாப்பிட்டு எழுந்திருக்கப் பத்து மணி ஆகிவிடுகிறது. இதில் வரலாறு எழுத என்ன இருக்கிறது?

இருக்கிறது. அதுவும் நிறையவே இருக்கிறது. நண்பனை வீட்டுக்குள் அழைத்து, வீட்டில் சமைத்ததை, வீட்டாரோடு சேர்த்து உட்கார வைத்துப் போடுவது என்ற இந்தச் சாதாரண விஷயத்துக்காக நம் நாட்டில் ஊர்விலக்கம் நடந்திருக்கிறது. விசாரணை மன்றம் கூடியிருக்கிறது. ஒரு கட்சியின் மாநிலக் கமிட்டியே இரண்டாகப் பிளந்திருக்கிறது. அப்பா விசாரித்த அந்த "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்விகூட அந்தக் காலத்தின் மிச்சம்தானோ என்று சில வீடுகளில் சந்தேகம் வரும்!

முதலில் பழைய விதிகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். யார் சமைத்ததை யார் சாப்பிடலாம் என்பதற்கு வட இந்தியாவில் ஒரு பெரிய கணக்கு இருந்தது. தண்ணீரில் வெந்த சோறு, பருப்பு, ரொட்டி எல்லாம் "கச்சா". நெய்யில் பொரித்த பூரி, இனிப்பு வகைகள் எல்லாம் "பக்கா". கச்சா உணவுக்குத் தீட்டு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், பக்கா உணவுக்கு அவ்வளவு எளிதில் ஒட்டாது என்பது நம்பிக்கை. அதனால் கடைத்தெருவில் இனிப்புக் கடைக்காரர் சுட்ட பூரியை வாங்கிச் சாப்பிடும் ஒருவர், பக்கத்து வீட்டு நண்பர் வடித்த சோற்றைத் தொடமாட்டார். அதாவது கடைச் சாப்பாட்டைவிட வீட்டுச் சாப்பாட்டில்தான் கெடுபிடி அதிகம்.

தமிழ்நாட்டுப் பக்கம் இவ்வளவு நுணுக்கமான பெயர்கள் இல்லாவிட்டாலும் விஷயம் ஒன்றுதான். பெரிய மனிதர் ஒருவர் வேறு சாதிக்காரர் ஊருக்கு வந்தால் அரிசி, பருப்பு, காய்கறி, நெய் எல்லாம் "உலுப்பை" என்று அளந்து கொடுப்பார்கள். வந்தவர் தன் ஆளை வைத்துச் சமைத்துக்கொள்வார். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, தீட்டும் படவில்லை. சில பேருக்குத் திண்ணை வரை அனுமதி. சில பேருக்குக் கொல்லைப்புறம். இன்னும் சில பேருக்குத் தெருவே கிடையாது.

தண்ணீருக்கும் இதே கதை. ஈரோட்டில் வசதியான வணிகர் வீட்டுப் பிள்ளையான ஈ.வெ. ராமசாமி, பள்ளிக்கூடத்து வயதில் தன் வாத்தியார் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்ததைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுச் சிறுமி டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கச் சொன்னாளாம். குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் உள்ளே எடுத்துப் போனாளாம். பணக்கார வீட்டுப் பையனுக்கே இந்த நிலைமை என்றால் சேரிப் பையனின் நிலையை யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படித்தவர்கள் இதை மாற்ற முயற்சி செய்யவில்லையா என்றால், செய்தார்கள். ரகசியமாகச் செய்தார்கள்! 1849-ல் பம்பாயில் பரமஹம்ச மண்டலி என்று ஒரு சபை தொடங்கினார்கள். உறுப்பினர் ஆக வேண்டுமானால் கிறிஸ்தவர் சுட்ட ரொட்டியைச் சாப்பிட வேண்டும், முஸ்லிம் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் நடப்பதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டுக்குத் தெரியாது. 1860 வாக்கில் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் வெளியில் கசிந்துவிட்டது. அவ்வளவுதான், சபை கலைந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டார்கள்.

அதைவிட வேடிக்கை 1890-ல் புனேயில் நடந்தது. பஞ்ச ஹவுத் என்ற கிறிஸ்தவ மிஷன் இடத்தில் ஒரு கூட்டம். வந்தவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சிலர் குடித்தார்கள். சிலர் கோப்பையைக் கையில் வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். வந்திருந்தவர்களில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேவும் பாலகங்காதர திலகரும் அடக்கம். கோபால்ராவ் ஜோஷி என்பவர் (டாக்டர் ஆனந்திபாய் ஜோஷியின் கணவர்தான் இவர்) வந்தவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் போட்டுவிட்டார். ஊரே கொந்தளித்தது. விவகாரம் சங்கராச்சாரியார் வரை போய், விசாரிக்க ஆட்களும் நியமிக்கப்பட்டார்கள். திலகர் தாம் ஏற்கெனவே காசியில் பிராயச்சித்தம் செய்துவிட்டதாகச் சொன்னார். ரானடே 1892-ல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. விலக்கப்பட்ட நண்பர்களின் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒத்துக்கொண்டார். அவர் மனைவி ரமாபாய்க்கு அது பிடிக்கவில்லை, அதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார். ஒரு கோப்பை டீ... உயர்நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போன மனிதரையே மண்டியிட வைத்துவிட்டது.

இனி 1917-க்கு வருவோம். அந்த ஒரே ஆண்டில், ஆறே மாதத்துக்குள், இந்தியாவின் மூன்று மூலைகளில் மூன்று சம்பவங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒன்றில் இருந்தவருக்கு மற்றது நடந்ததே தெரிந்திருக்காது. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது.

முதல் ஊர், பீகாரில் சம்பாரண். அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்த கதை பாடப் புத்தகத்திலேயே வருகிறது. ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் துரத்தித் துரத்திக் காந்தியை அழைத்து வந்தார். ஏப்ரல் மாதம் முதலில் பாட்னாவில் ராஜேந்திர பிரசாத் என்ற வக்கீலின் வீட்டில் கொண்டுபோய் விட்டார். வக்கீல் ஊரில் இல்லை. வீட்டு வேலைக்காரர்களுக்கு வந்திருப்பவர் என்ன சாதி என்று தெரியவில்லை. அவர்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது இவர் பக்கத்தில் வரக்கூடாது, இவர் வாளியிலிருந்து ஒரு சொட்டுத் தெறித்தால்கூடத் தீட்டு. வீட்டுக்குள் இருக்கும் கழிப்பறைக்குப் போகப் பார்த்தால், வெளியே இருப்பதைக் கைகாட்டிவிட்டார்கள். காந்திக்குக் கோபம் வரவில்லை, அவர்கள் எஜமானருக்கு விசுவாசமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். பின்னாளில் அந்த எஜமானர் இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவரானார்!

பிறகு வேலை தொடங்கியது. பிரஜ்கிஷோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத், அனுக்ரஹ நாராயண் சின்ஹா என்று நல்ல வருமானமுள்ள வக்கீல்கள் எல்லாம் வந்து சேர்ந்து, ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலங்களை எழுதி எடுத்தார்கள். நாட்டுக்காக வந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு வேலைக்காரரையும் ஒரு சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு அடுப்பு! ராத்திரிச் சாப்பாடு ஆகச் சில நாள் நள்ளிரவு ஆகிவிடும்.

இங்கே காந்தி செய்த காரியம் கவனிக்க வேண்டியது. அவர் சாதி ஒழிப்பு பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. செலவு அதிகமாகிறது, நேரம் வீணாகிறது என்றார். வக்கீல்களின் பழக்கத்தைக் கிண்டல் செய்தார். ஒரே வேலையில் இறங்கியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே சாதிதானே என்று சொன்னதாக ராஜேந்திர பிரசாத் எழுதியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்காரர்கள் திரும்பிப் போனார்கள், அடுப்புகள் ஒன்றாயின, சாப்பாட்டு நேரம் ஒழுங்கானது. வேற்றுச் சாதியார் சமைத்த சோற்றை ராஜேந்திர பிரசாத் சாப்பிடத் தொடங்கியது அங்கேதான். சைவம் சாப்பிடுபவர்கள், அசைவம் சாப்பிடுபவர்கள் என்று இரண்டு சமையல் வைக்கவும் முடியாது என்பதால் எல்லாருக்கும் எளிமையான சைவச் சாப்பாடு என்று முடிவானது. சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் ஒரு சமூகச் சீர்திருத்தமே நடந்து முடிந்துவிட்டது. (விடுதி மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே புரியும். ஒரே அண்டா, ஒரே சாம்பார். குறை சொல்வதில் எல்லாரும் ஒரே சாதி.)

ஆனாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் மேல்தட்டுச் சாதிகளைச் சேர்ந்த படித்தவர்கள். அது வீடும் அல்ல, ஒரு முகாம். வேலை முடிந்து அவரவர் வீட்டுக்குப் போனால் பழைய அடுப்பு, பழைய விதி அப்படியே காத்திருக்கும்.

இரண்டாவது ஊர், கொச்சி சமஸ்தானத்தில் வைப்பின் தீவிலுள்ள செறாய். அங்கே கே. அய்யப்பன் என்று 27 வயது இளைஞர். ஈழவர் குடும்பம். திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தார், நாராயண குருவிடம் ஈடுபாடு கொண்டவர். ஈழவர்கள் அப்போது நாயர், நம்பூதிரிகளுக்குத் தீண்டத்தகாதவர்கள். இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளவெல்லாம் இருந்தது. ஆனால் அதே ஈழவர்கள் தங்களுக்குக் கீழே புலையர்களைத் தள்ளி வைத்திருந்தார்கள். "மேலே இருப்பவன் நம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்று கேட்கிறோமே, நாம் கீழே இருப்பவனை எப்படி நடத்துகிறோம்?" என்ற கேள்வியை அய்யப்பனும் நண்பர்களும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களைக் குற்றம் சொல்வதைவிட இது எத்தனை மடங்கு கஷ்டமான கேள்வி!

1917 மே 29 அன்று செறாயில் ஒரு சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். மலையாளத்தில் அதை "மிஸ்ர போஜனம்" என்றார்கள், கலந்து உண்பது என்று பொருள். பெரிய விருந்து ஒன்றும் இல்லை. சோறு, பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்து வைத்த கறி. அதைப் புலையர் குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து ஈழவ இளைஞர்கள் சாப்பிட்டார்கள். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீளமானது. எதிர்த்தவர்கள் நம்பூதிரிகள் அல்ல, சொந்தச் சாதிக்காரர்கள். விஞ்ஞான வர்த்தினி சபை என்ற உள்ளூர் ஈழவர் சபை, கலந்துகொண்டவர்களின் குடும்பங்களை விலக்கி வைத்தது. அய்யப்பனுக்குப் "புலையன் அய்யப்பன்" என்று வசைப் பெயர் கிடைத்தது. அவர் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார். நாராயண குரு அவரைக் கைவிடவில்லை. சேர்ந்து உண்பதிலும் கலந்து மணப்பதிலும் தவறு எதுவும் இல்லை என்று 1921-ல் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அய்யப்பன் "சகோதரன்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார், பிறகு அந்தப் பெயரே அவர் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சகோதரன் அய்யப்பன் பின்னாளில் கொச்சிச் சட்டசபை உறுப்பினராகி, அமைச்சராகவும் ஆனார். 1968-ல் காலமானார். செறாய் சாப்பாட்டின் நூற்றாண்டை 2017-ல் கேரளம் விழா எடுத்துக் கொண்டாடியது. அன்று விலக்கி வைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அந்த விழாவில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள், யார் கண்டது.

மூன்றாவது ஊர் பரோடா. இங்கே நடந்தது சாப்பாடு அல்ல, கிடைக்காத சாப்பாடு.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கிருந்து லண்டன் போன பீமாராவ் அம்பேத்கர், 1917-ல் இந்தியா திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும். போய் இறங்கியதும் முதல் பிரச்சினை எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதுதான். இந்து விடுதிகளில் அவருக்கு இடம் கிடையாது. ஒரு பார்சி விடுதிக்குப் போனார். அங்கே பார்சிகள் மட்டும்தான் தங்கலாம். விடுதிக் காவலாளிக்கு வேறு விருந்தாளிகளே இல்லாததால், ஒரு பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்குவதாக ஏற்பாடானது. மாடியில் ஒரு பெரிய கூடம், பாதி இருட்டு, தட்டுமுட்டுச் சாமான்கள், வௌவால்கள். காவலாளி சாப்பாட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார். பேச ஆள் இல்லை. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு படித்தபடி பொழுதைப் போக்கினார். நியூயார்க்கில் எல்லா நாட்டு மாணவர்களோடும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், தன் நாட்டில் பொய்ப் பெயரில், தனியாக, இருட்டில் சாப்பிட்டார்.

பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

அம்பேத்கருக்கு ஊரில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் இந்து, இன்னொருவர் இந்தியக் கிறிஸ்தவர். முதலில் இந்து நண்பரிடம் போனார். அவர் நல்ல மனிதர்தான், நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டார், கோபப்பட்டார். ஆனால் அம்பேத்கர் தன் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். அம்பேத்கர் அதற்கு மேல் கேட்கவில்லை. கிறிஸ்தவ நண்பர், மனைவி நாளைதான் ஊரிலிருந்து வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். இருவரும் பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர்கள், கணவர் தாராள மனம் கொண்டவர், மனைவி பழைய ஆசாரத்தை விடாதவர் என்று அம்பேத்கர் எழுதுகிறார். பம்பாய் ரயில் ராத்திரி ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணி நேரம் காமதி பாக் என்ற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து, "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்று தமிழில் சொல்லப்படும் சிறு நூலில் இதை எழுதியபோதும், நினைத்தால் கண்ணீர் வருகிறது என்கிறார்.

தடியோடு வந்தவர்களைவிட அந்த இரண்டு நண்பர்கள்தான் இந்தக் கதையில் முக்கியமானவர்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வெளியில் பார்த்தால் கை கொடுப்பார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், புத்தகம் பற்றி விவாதிப்பார்கள். வீட்டு வாசற்படி வரைதான் அந்த நட்பு. ஒருவர் வேலைக்காரர்மேல் பழியைப் போட்டார், இன்னொருவர் மனைவிமேல் போட்டார். "எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டில்தான் பெரியவர்கள்..." என்று இன்றும் யாராவது இழுத்தால், அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பிரச்சினை பெரிய அளவில் வந்தது எட்டு ஆண்டுகள் கழித்து, சேரன்மாதேவியில். வ.வே.சு. ஐயர் லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர், சாவர்க்கரோடு புரட்சி பேசியவர், 1910-ல் போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்து பாரதியோடு இருந்தவர், கம்பனில் தோய்ந்தவர். அவர் 1922 டிசம்பரில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கி, அடுத்த ஆண்டு அதைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். தேசியக் கல்வி, கைத்தொழில், தமிழ் என்று பெரிய கனவு அது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தது. அப்போது கமிட்டியில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் ஈரோட்டு ராமசாமி, அதாவது டம்ளரைக் கவிழ்த்துக் கழுவுவதைப் பார்த்த அதே பையன்.

குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுவது வெளியே தெரிந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தவர், அவர்தான் வீட்டில் போய்ச் சொன்னார் என்று சொல்லப்படுகிறது. (ஓமந்தூரார் 1947-ல் சென்னை மாகாண முதல்வரானவர்.) டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் "தமிழ்நாடு" பத்திரிகையில் இதை எழுதித் தள்ளினார். ஊர்ப்பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் இரண்டு பந்தியா என்பது கேள்வி.

ஐயர் தரப்பையும் சொல்ல வேண்டும். அவர் தனிப்பட்ட முறையில் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுபவர். அந்த இரண்டு பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துச் சேர்த்துவிட்டேன், வாக்கை மீற முடியாது என்றார். 1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியிடம் விவகாரம் போனது. அவர் அந்த இருவர் மட்டும் தனியாகச் சாப்பிடட்டும், இனிமேல் சேருகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும் என்றார். கேட்க நியாயமான சமரசம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வாக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் இரண்டு வேளை "நீ அந்தப் பக்கம்" என்று பிரிக்கப்படும் மற்ற பிள்ளைகளுக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்? சம்பாரணில் சிக்கனம் பேசி அடுப்புகளை ஒன்றாக்கியவர், சேரன்மாதேவியில் இரண்டு இலைகளை ஒன்றாக்க முடியாமல் போனது விசித்திரம்தான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த மாதக் கடைசியில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்ற தீர்மானத்தை எஸ். ராமநாதன் கொண்டுவர, அது நிறைவேறியது. எதிர்ப்பாக ராஜாஜியும் சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். மே 2-ல் "குடி அரசு" முதல் இதழ் வந்தது. ஜூன் தொடக்கத்தில் மாணவர்களோடு பாபநாசம் போன ஐயர், அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து, மகளோடு தானும் மூழ்கிப் போனார். 44 வயது. அந்த வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைப் பிரச்சினையில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் அடுத்த ஐம்பது வருஷம் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையும் காரணம்.

இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு ஆள் காணாமல் போயிருப்பது கவனித்தால் தெரியும். சமைத்தது யார்? செறாயில் பலாக்கொட்டையை உரித்தவர்கள் யார் என்பது கூட்டத்தில் பேசியவர்களின் பெயரைப் போல நமக்குத் தெரிய வரவில்லை. சீர்திருத்தம் பேசிய ஆண்கள் நண்பர்களை வீட்டுக்கு அழைத்தார்கள். சோறு வடித்தது, எச்சில் எடுத்தது, சொந்தக்காரப் பெண்களின் ஏச்சை வாங்கியது எல்லாம் வீட்டுப் பெண்கள். டர்பனில் காந்தியின் வீட்டில் அவருடைய அலுவலக குமாஸ்தாக்கள், தமிழர்களும் குஜராத்திகளும், குடும்பத்தோடு தங்கினார்கள். பஞ்சமர் குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவ குமாஸ்தாவின் மலச்சட்டியை எடுக்கும் வேலை கஸ்தூரிபாவுக்கு வந்தது. அவர் கண்ணீரோடு எடுத்தார். சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்று காந்தி அதட்டி, கையைப் பிடித்து இழுத்து, வாசல் கேட்டைத் திறந்து வெளியே தள்ளப் பார்த்தார்! வெட்கப்பட்டு இதைத் தன் சுயசரிதையில் எழுதியவரும் அவரேதான். பரோடா நண்பர் மனைவிமேல் பழியைப் போட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைப் பருவத்திலிருந்து "தீட்டு" என்று சொல்லிச் சொல்லி அடுப்புக்குக் காவல் வைத்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று விலகச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?

வெளிச் சாப்பாட்டில் மாற்றம் ஓரளவு சீக்கிரம் வந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்பது 1941-ல் தென்னிந்தியாவில் நீங்கியது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் "பிராமணாள்" என்ற பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். கடைக்குச் சட்டம் போடலாம், மறியல் செய்யலாம். வீட்டுச் சமையலறைக்குள் சட்டமும் போகாது, மறியலும் போகாது.

சேர்ந்து சாப்பிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டவர், பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்தான். 1936-ல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கம் அம்பேத்கரை மாநாட்டுத் தலைமைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துப் பயந்துபோய் மாநாட்டையே ரத்து செய்தது. அதில் அவர், பல சாதிகள் சேர்ந்து உண்ணத்தான் செய்கின்றன, ஆனாலும் சாதி உணர்ச்சி சாகவில்லை, கலப்பு மணம்தான் உண்மையான மருந்து, அதற்கும் முன்னால் சாதியைப் புனிதமாக்கும் சாஸ்திரங்களின் பிடி தளர வேண்டும் என்று வாதிட்டிருந்தார். தன் சாப்பாட்டுக்கே இடம் கிடைக்காத மனிதர், சாப்பாடு போதாது என்று சொல்லும் இடத்துக்கு வர 19 ஆண்டுகள் ஆயின. பேசப்படாத அந்த உரையைச் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். சீக்கிரமே தீர்ந்துவிட்டன. தமிழில் அதை வெளியிட்டது, சேரன்மாதேவிச் சண்டையின் நடுவே பிறந்த அந்தக் "குடி அரசு"தான்.